வீட்டுக்குப் போக மறுத்த வண்டி

மெல்மோத் ஊர் டாக்ஸி ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு தைல மரங்கள். நடுவே தகரக் கூரை, கூரைக்குக் கீழே எண்ணெய் குடித்துக் கறுத்த மண், கடைசியில் ஆளுயரச் செங்கல் சுவர். அதுதான் பேக்கானியின் பட்டறை. வருகிற வண்டி எதுவானாலும் சரிவில் இறங்கி, சுவருக்கு நேராக மூக்கை வைத்துத்தான் நிற்கும். வேறு விதமாக நிறுத்த இடம் கிடையாது.

பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில். ஈ காக்கை கிடையாது. பேக்கானி ஒரு டயரின் மேல் உட்கார்ந்து, சோளக்களியைப் புளித்த பாலில் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தான். தைல மரத்து வண்டுகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. அவற்றின் கத்தலுக்கு நடுவே ஒரு எஞ்சின் சத்தம் சரிவில் இறங்கி வந்தது.

தலையைத் தூக்காமலேயே எந்த வண்டி என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

அந்த வெள்ளைக் காருக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. கதவில் துரு, ஒரு விளக்குக் கண்ணில் விரிசல். சுவருக்கு இரண்டடி தள்ளி நின்றது. பகாமிலே இறங்கினாள். தலை முதல் கால் வரை கறுப்பு. புருஷன் போய் மூன்று மாதம்தான் ஆகிறது, இன்னும் ஒன்பது மாதம் அவள் கறுப்பில்தான் இருக்க வேண்டும்.

"சாப்பிடு தம்பி. அவசரம் ஒண்ணும் இல்ல. பொழுது சாயுறதுக்குள்ள நான் வீட்ல இருக்கணும், அவ்வளவுதான்."

"வாங்க அண்ணி. ஞாயித்துக்கிழமையில எதுக்குச் சிரமம்? சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே."

"வண்டி மக்கர் பண்ணுது. ஒரு நாள் எடுக்குது, ஒரு நாள் எடுக்கல. வெலாபி இருந்தா அவரே பாத்துக்குவாரு. இப்ப உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

வெலாபி அவள் புருஷன். பேக்கானியின் தொழில் பங்காளி. பன்னிரண்டு வருஷம் இதே கூரைக்குக் கீழே ஒன்றாக வேலை பார்த்தவன்.

பேக்கானி கையைத் துடைத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போனபோதுதான் பின் சீட்டில் இன்னொருவர் இருப்பதைக் கண்டான். வெலாபியின் அண்ணன் ஏனோக்கு. வெள்ளைத் தாடி, இறுக்கிப் பொத்தான் போட்ட கோட்டு.

"பெரியண்ணே, நல்லா இருக்கீங்களா?"

பதில் இல்லை. பெரியவர் அவனைப் பார்க்கக்கூட இல்லை. அவர் மடியில், பழைய துணிக்குள்ளிருந்து, ஒரு முள் எட்டிப் பார்த்தது.

இலந்தைக் கிளை.

பேக்கானி ஓர் அடி பின்னால் வைத்தான். அந்தக் கிளையைக் கையில் எடுத்தவன் செத்தவனோடு மட்டும்தான் பேசுவான். உயிரோடு இருக்கிறவன் எவனிடமும் வாய் திறக்கமாட்டான். ஆள் செத்த இடத்துக்கே போய், கிளையைத் தரையில் வைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, வா வீட்டுக்குப் போகலாம் என்று அழைத்து வர வேண்டும். வழி நெடுக, பாலம் வருகிறது, திருப்பம் வருகிறது என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். டாக்ஸியில் வந்தால் செத்தவனுக்கும் ஒரு சீட்டுப் பிடிக்க வேண்டும். அழைக்காவிட்டால் செத்தவன் செத்த இடத்திலேயே நிற்பான். அந்த மலைப்பக்கத்தில் இது பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

"இதுதான் டிசம்பர்லயே செஞ்சாச்சே அண்ணி" என்றான்.

"செஞ்சோம். நீதானே இடத்தைக் காட்டினே."

உண்மையை இங்கேயே உடைத்துவிடுகிறேன். பேக்கானி அதை மூன்று மாதமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தான்.

ஊர் நம்புகிறதுபோல் வெலாபி ஆற்றுப் பாலத்து ரோட்டில் சாகவில்லை. இந்தப் பட்டறையில், இந்தச் சுவருக்கும் இந்த வண்டியின் பம்பருக்கும் நடுவே செத்தான். நவம்பரில், இதேபோல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊரே கால்பந்து பார்க்க மைதானத்தில் இருந்தது. காலையிலிருந்து வண்டி எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம், அதோடு சரி. செல்ஃப் மோட்டார் போய்விட்டது என்றான் பேக்கானி. மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது, உன் மண்டையில்தான் வயர் அறுந்திருக்கிறது என்றான் வெலாபி. முந்தின நாள்தான் நாலு டிரைவர்களை வைத்துக்கொண்டு, "இவன் கழட்டிப் போடுறதெல்லாம் நல்ல சாமான், கெட்டுப்போனது மட்டும் வண்டியில பத்திரமா இருக்கும்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருந்தான். அந்தச் சிரிப்பு பேக்கானியின் காதிலேயே நின்றது.

வெலாபி முன்னால் போய்ச் சுவருக்கு முதுகு காட்டிக் குனிந்து பேட்டரி டெர்மினலைச் சுரண்டினான். பேக்கானி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். முதல் கியர் விழுந்திருந்தது. அது அவனுக்குத் தெரியும். காலையிலிருந்து இருபது தடவை எடுக்காத வண்டி இப்போது மட்டும் எடுக்கவா போகிறது, இவன் பயந்து ஒரு துள்ளுத் துள்ளட்டும் என்று நினைத்துச் சாவியைத் திருப்பினான்.

எடுத்தது.

ஒரே பாய்ச்சல். எலும்பு உடைகிற சத்தம் செங்கல்லில் மோதிக் காருக்குள் கேட்டது. எஞ்சின் நின்றுவிட்டது. வெலாபி சாகவில்லை, அதுதான் கொடுமை. இடுப்புக்குக் கீழே நசுங்கி, இரண்டு கையையும் பானெட்டின் மேல் ஊன்றி, கண்ணாடி வழியாக இவனையே பார்த்தான். வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை, ரத்தம்தான் வந்தது.

சரிவில் ஒற்றை ஆளாக வண்டியைப் பின்னால் தள்ள முடியாது. நாலு பேர் வேண்டும். ஒரு கூச்சல் போட்டால் மைதானத்திலிருந்து நாற்பது பேர் ஓடி வருவார்கள். வந்தால், சாவியைத் திருப்பினது யார் என்று கேட்பார்கள். பேக்கானி கூச்சல் போடவில்லை. ரிவர்ஸ் போட்டுச் சாவியைத் திருப்பினான். டிக். மறுபடியும் டிக். பதினோராவது டிக்கில் வெலாபியின் கை பானெட்டிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது. பன்னிரண்டாம் தடவை வண்டி எடுத்தது.

பிறகு அவன் பிணத்தைப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு உம்லத்தூசி ஆற்றுப் பாலத்து ரோட்டுக்குப் போய், அங்கே புல்லில் கிடத்திவிட்டு, மரம் ஏற்றிய லாரி அடித்துவிட்டு நிற்காமல் போனது என்று அழுதான். அந்த லாரிக் கதை மட்டும்தான் ஊருக்குத் தெரியும். டிசம்பரில் ஏனோக்கு கிளையோடு வந்தபோது, "இந்த இடம்தான் பெரியண்ணே" என்று வெறும் புல்லைக் கைகாட்டியதும் இவனே. அந்தப் புல்லில் மண்டியிட்டுத் தம்பி பேரைச் சொல்லிப் பெரியவர் கதறினார். அன்றைக்கு அவர் வீட்டுக்குக் கொண்டுபோனது வெறும் முள்.

ஆக, பேக்கானியின் முன்னால் இரண்டே வழிதான். வாயைத் திறந்தால் ஜெயில். திறக்காவிட்டால், கிளையோடு வந்திருக்கிற இவர்கள் எதுவரை போவார்கள் என்று தெரியாது. திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டான்.

"என்னிக்கு எடுக்குது, என்னிக்கு எடுக்கல? சூடா இருக்கும்போதா, ஆறினப்புறமா?" தொழில்காரனின் குரல் சரியாகத்தான் வந்தது.

பகாமிலே பையிலிருந்து பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்தாள். "வெலாபி சொல்வாரே, விட்டு விட்டு வர்ற கோளாறை ஸ்பேனரால பிடிக்க முடியாது, பென்சிலாலதான் பிடிக்கணும்னு. எழுதி வச்சிருக்கேன்."

கோடு போட்டுப் பத்தி பிரித்து எழுதியிருந்தாள். தேதி, வேளை, வெயிலா மழையா, எஞ்சின் சூடா ஆறினதா. அவன் விரலை வைத்துப் படித்தான். சூட்டிலும் எடுக்கவில்லை, ஆறியும் எடுக்கவில்லை. மழையில் எடுத்திருக்கிறது, மழையில் எடுக்காமலும் இருந்திருக்கிறது.

"ஒண்ணுக்கொண்ணு ஒத்தே வரலையே" என்றான்.

"எனக்கும் வரல. அப்பறம்தான் கடைசியில ஒரு பத்தி சேத்தேன். அதைப் பாரு."

கடைசிப் பத்தியின் தலைப்பு, 'எங்கே போக'.

வீட்டுக்கு, எடுக்கவில்லை. வீட்டுக்கு, எடுக்கவில்லை. மெல்மோத்துக்கு, எடுத்தது. வீட்டுக்கு, எடுக்கவில்லை. மெல்மோத்துக்கு, எடுத்தது. இரண்டு பக்கம் முழுக்க அப்படியே போனது. ஒரு வரிகூடத் தவறவில்லை.

"போன வாரம் சந்தையில நின்னுகிட்டு, மெல்மோத்துக்குப் போறோம்னு சத்தமாப் பொய் சொல்லித் திருப்பினேன். தொட்டதும் எடுத்துச்சு. பாதி வழியில வீட்டுப் பக்கம் ஒடிச்சேன். நின்னுருச்சு. எப்பவும்போலக் கட்டி இழுத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனோம்."

"பழைய வண்டி அண்ணி. வயரிங் உள்ளுக்குள்ள எங்கயோ அறுந்திருக்கும். பேயும் இல்ல, பிசாசும் இல்ல."

"பேய்ன்னு நான் சொல்லவே இல்லியே தம்பி."

அவன் நோட்டை மூடிக் கொடுத்தான். சாவியைத் திருப்பிப் பார்த்தான். இப்போதுதான் ஓடி வந்த வண்டி, டிக் என்றது.

பானெட்டைத் தூக்கினான். சூடான காற்றோடு ஒரு வாசனை முகத்தில் அடித்தது. எண்ணெய், துரு, அதற்கு அடியில் கசாப்புக் கடை வாசனை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டிலிருந்தே வேலையை ஆரம்பித்தான். பேட்டரி பன்னிரண்டரை வோல்ட், குறை சொல்ல ஒன்றுமில்லை. டெர்மினல் சுத்தம். எர்த் வயரைக் கழற்றித் தேய்த்து மாட்டினான். பகாமிலேயைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, மோட்டாரைத் தூண்டுகிற சொலினாய்டு சுவிட்ச் முனையில் டெஸ்ட் லேம்ப்பை வைத்தான். விளக்கு பளிச்சென்று எரிந்தது. கரண்ட் மோட்டார் வாசல் வரைக்கும் வருகிறது. மோட்டாரோ அசையவில்லை. உள்ளே எதுவோ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஸ்பேனரால் மோட்டாரை மெதுவாகத் தட்டினான். உள்ளே கார்பன் பிரஷ் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரு தட்டில் விடும்.

உள்ளிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். முழங்கையில் தகரம் கீறி ரத்தம் வந்தது. சொட்டு எஞ்சின் மேல் விழுந்தது. அத்தனை சூட்டில் அது பொசுங்க வேண்டும். பொசுங்கவில்லை, அப்படியே உறிஞ்சப்பட்டுக் காணாமல் போனது.

"என்ன பேக்கானி, இன்னும் எடுக்கலியா? சொல்லு, நாலு கழுதையைக் கட்டி இழுத்துடலாம்." வாசலில் தபேதே. டாக்ஸி ஸ்டாண்டில் வரிசை பார்க்கிறவன், வாய் ஓயாதவன். கூட இரண்டு டிரைவர்கள்.

"உன் வாயைக் கட்டினாலே பாதி ஊரு நிம்மதியா ஓடும்" என்றான் பேக்கானி. சிரிக்கவும் முயன்றான்.

தபேதே இரண்டடி உள்ளே வந்தான். பின் சீட்டில் இருந்தவரைப் பார்த்தான், மடியில் இருந்ததைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு, வந்த வழியே பின்னால் நடந்து வாசலுக்கு வெளியே போய் நின்றான். டிரைவர்களும் நின்றார்கள்.

வண்டுகள் கத்துவதை நிறுத்தியிருந்தன.

பகாமிலே காரிலிருந்து இறங்கிக் கதவைச் சாத்தினாள். மெதுவாக நடந்து வந்து சுவரோரம் நின்றாள். அந்தச் சுவருக்கு நவம்பரிலிருந்து மூன்று தடவை சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. இடுப்பு உயரத்தில் பழுப்பாக ஒரு கறை மட்டும் மறுபடியும் மறுபடியும் ஊறி வந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெலாபி இருந்தா முன்னாடி நின்னுல்ல பாப்பாரு" என்றாள், மெல்லிய குரலில். "நீ ஏன் தம்பி பக்கத்துல நின்னுகிட்டே எட்டி எட்டிப் பாக்கறே?"

"எப்படி நின்னா என்ன அண்ணி. வேலை ஆனா சரி."

"மோட்டார் முன்னாடி இருக்கு. முன்னாடி நிக்க உனக்குப் பயமா?"

வாசலில் மூன்று ஜோடிக் கண்கள் அவன் மேல் இருந்தன. பன்னிரண்டு வருஷமாக ஆயிரம் வண்டிக்கு முன்னால் நின்றவன், இந்த ஒரு வண்டிக்கு முன்னால் மட்டும் நிற்கமாட்டான் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க அவர்களுக்கு ஒரு நிமிஷம் போதும். குற்றம் செய்த நெஞ்சு குறுகுறுக்கும், ஆனால் குறுகுறுப்பை வெளியே காட்ட முடியுமா?

நிற்பதென்று முடிவு செய்தான். அதற்காக அவன் முட்டாள் இல்லை. கியரை நியூட்ரலில் தள்ளி, இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தான். கைப்பிரேக்கை இழுத்தான். சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினான். முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு செங்கல் வைத்து, காலால் உதைத்து இறுக்கினான். அதற்கப்புறம்தான் பம்பருக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்தான்.

சுவர் முதுகில் பட்டது. ஈரமாக இருந்தது.

குனிந்து, நீளமான ஸ்க்ரூ டிரைவரைச் சொலினாய்டின் இரண்டு முனைக்கும் குறுக்கே கொண்டுபோனான். சாவி இல்லாமல் மோட்டாரை நேரடியாகச் சுற்றவைக்கிற வழி அது. சுற்றினால் கோளாறு சாவிப் பக்கம். சுற்றாவிட்டால் மோட்டார்.

விரிசல் விட்ட விளக்குக் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. அதற்குப் பின்னால் சுவர் தெரிந்தது. முகத்துக்கும் சுவருக்கும் நடுவே இன்னொரு ஆள் குனிந்து நின்றிருந்தான்.

காருக்குள் கியர் விழுகிற சத்தம் கேட்டது.

பின் சீட்டில் ஏனோக்கு கண்ணை மூடியிருந்தார். முன் சீட்டில் யாரும் இல்லை.

பேக்கானி ஸ்க்ரூ டிரைவரை இன்னும் முனையில் வைக்கவே இல்லை. மோட்டார் சுற்றியது. செங்கல் இரண்டும் ரொட்டித் துண்டு மாதிரி நொறுங்கின. வண்டி பாயவில்லை, நிதானமாக ஒரு அடி வந்தது. பம்பர் அவன் தொடைகளைச் சுவரோடு சேர்த்து அழுத்தியது. பானெட் விளிம்பு வயிற்றில் பதிந்தது. அங்கேயே நின்றது.

"அண்ணி." காற்றுதான் வந்தது. "அவங்களைக் கூப்பிடுங்க. நாலு பேர் தள்ளினாப் போதும்."

"கூப்பிடறேன்." அவள் அவன் காதருகே குனிந்தாள். வாசலில் நிற்கிறவர்களுக்கு, ஏதோ திருகாணியைக் காட்டிக் கேட்பதுபோல்தான் தெரிந்திருக்கும். "அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லு. என் புருஷன் எங்க செத்தாரு?"

"பாலத்து ரோட்டுல. லாரி."

டிக்.

பம்பர் ஒரு விரல் அகலம் முன்னால் வந்தது. இடது தொடையில் எலும்பு முறிந்தது. வலியில் கண் இருண்டது. அலறத்தான் வாயைத் திறந்தான். வாய் திறந்து திறந்து மூடியது.

"எங்க?"

"பாலத்து..."

டிக். வலது தொடை. சூடாக ஒன்று அவன் காலுக்குள் வழிந்து செருப்பை நிறைத்தது. பானெட்டில் இரண்டு கையையும் ஊன்றினான். தகரத்துக்கு அடியில், அதே இடத்தில், இரண்டு உள்ளங்கைகள் வந்து அவன் கையோடு பொருந்தின. அவை சில்லென்று இருந்தன.

அதற்குமேல் அவனால் பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். முதல் கியரில் திருப்பியதைச் சொன்னான், பதினோரு டிக்கைச் சொன்னான், மைதானத்தில் ஊரே இருந்ததைச் சொன்னான், கூச்சல் போடாததைச் சொன்னான். ஒவ்வொரு வார்த்தைக்கும் வாயில் ரத்தம் நுரைத்தது. பகாமிலே தலையை அசைக்காமல் கேட்டாள். அவள் கண்ணீர் அவன் கன்னத்தில் விழுந்தது.

"நீ கூப்பிட்டிருந்தா பொழைச்சிருப்பாரா?"

பேக்கானி பானெட்டில் ஊன்றியிருந்த தன் கைகளைப் பார்த்தான்.

"பொழைச்சிருப்பாரு அண்ணி."

எஞ்சின் எடுத்தது. சாவி அவன் சட்டைப் பையில்தான் இருந்தது.

எலும்பு, செங்கல், தகரம் மூன்றும் ஒரே நேரத்தில் உடைந்தன. விலா ஒவ்வொன்றாக உள்ளே மடங்கியது. ரத்தம் பானெட் முழுக்கச் சிதறியது. சுவரின் மேல் வரிசைக் கற்கள் பெயர்ந்து அவன் தலையில் விழுந்தன. வாசலில் தபேதே அலறிக்கொண்டே ஓடி வந்தான். எஞ்சின் நின்றது. வண்டி தானாகவே ஓர் அடி பின்னால் போனது.

அப்புறம் எல்லாம் அமைதியாகிவிட்டது.

வலி போயிருந்தது. பேக்கானிக்கு அழுகை வந்தது. சொல்லியாகிவிட்டது, அதனால்தான் விட்டுவிட்டான், வெலாபி நல்லவன், எப்போதும் நல்லவன் என்று நினைத்தான். ஏனோக்கு காரிலிருந்து இறங்கி வந்தார். சுவரடியில் மண்டியிட்டு, துணியைப் பிரித்து, இலந்தைக் கிளையைச் சேற்றில் வைத்தார். சேறு எதனால் ஆனது என்று பார்க்கவில்லை.

"வெலாபி. தம்பி. தப்பான இடத்துல கூப்பிட்டுட்டேன்டா, மன்னிச்சுக்க. எழுந்திரு, வீட்டுக்குப் போவோம்."

கிளையை எடுத்துக்கொண்டு எழுந்தவர், முதல் தடவையாகப் பேக்கானியின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

"பேக்கானி, கொஞ்சம் நகரு. என் தம்பிக்கு வழி விடு."

பெரியவர் பேசிவிட்டாரே என்று அவனுக்குச் சந்தோஷம். சட்டென்று ஒதுங்கி வழிவிட்டான். கால் லேசாக இருந்தது.

கிளை கையில் இருக்கும்போது பெரியவர் யாரோடு பேசுவார் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

திரும்பிப் பார்த்தான். தபேதேயும் டிரைவர்களும் சுவரடியிலிருந்து அவனைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது.

"போயிட்டான்" என்றான் தபேதே.

"இல்ல. மூச்சு இருக்கு." பகாமிலே அந்த உடம்பின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். "நாடி ஓடுது. உங்க டாக்ஸியிலயே தூக்கிப் போடுங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. சீக்கிரம்."

அவர்கள் டாக்ஸியைக் கொண்டுவர ஓடினார்கள். அவள் உடம்பின் காதருகே குனிந்தாள். பக்கத்தில் நின்றிருந்தவனுக்கும் கேட்டது.

"உன் அம்மாகிட்ட நானே போய்ச் சொல்றேன் தம்பி. ஆஸ்பத்திரிக் கட்டில்லதான் உசிரு போச்சுன்னு. நீ காட்டின இடத்துக்கு நாங்க வந்தோம்ல. இப்ப நான் காட்டுற இடத்துக்கு அவங்க போகட்டும்."

பேக்கானி கத்தினான். அவள் கையைப் பிடித்தான். கறுப்புத் துணி அவன் விரலுக்குள் அகப்படவில்லை.

டாக்ஸி அந்த உடம்பை ஏற்றிக்கொண்டு போனதும், ஏனோக்கு முன் சீட்டில் கிளையை வைத்து, தான் பின்னால் உட்கார்ந்தார். உடம்பின் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்திருந்த சாவியைப் பகாமிலே திருப்பினாள், தொட்டதும் எடுத்தது. "மேடு ஏறுறோம் வெலாபி" என்று பெரியவர் சொல்வது கேட்டது. வண்டி சரிவில் ஏறி, வீட்டுப் பக்கம் திரும்பி, ஒரு தடவைகூடத் திக்காமல் போய்விட்டது. பேக்கானி பின்னாலேயே ஓடினான். தைல மரத்தின் நிழலைத் தாண்ட முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் முதுகு சுவரில்தான் போய் முட்டியது.

அடுத்த சனிக்கிழமை, பத்து மணி வெயிலில், ஆஸ்பத்திரி ரோட்டிலிருந்து ஒரு டாக்ஸி வேன் வந்தது. ஜன்னலோரம் அவன் அம்மா இருந்தாள். அடுத்த வரிசையில் அண்ணன் யோனா, கையில் இலந்தைக் கிளை. அம்மாவுக்குப் பக்கத்துச் சீட்டு காலி.

பட்டறை வாசலுக்கு நேராக வரும்போது வேன் நின்றுவிட்டது.

டிரைவர் சாவியைத் திருப்பினான். எடுக்கவில்லை. "காலையில நல்லாத்தானே இருந்துச்சு" என்று முனகினான்.

பேக்கானி தொண்டை கிழியக் கூப்பிட்டான். அம்மாவைக் கூப்பிட்டான், அண்ணனைக் கூப்பிட்டான். இங்கே இருக்கிறேன், இந்தச் சுவரில் இருக்கிறேன், இறங்கி வாருங்கள், பத்தே அடிதான் என்று கெஞ்சினான். அம்மா பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எதையோ தேடுகிறவளைப்போல் கண்ணைச் சுருக்கினாள். தோள் போர்வை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

யோனா கையிலிருந்த கிளையிடம் குனிந்து பேசினான். ஜன்னல் திறந்திருந்தது, ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"இது உன் பட்டறை பேக்கானி. கடைசியா ஒரு தடவை நல்லாப் பாத்துக்க. தாண்டிப் போறோம், இனிமே இங்க வரமாட்டோம். பயப்படாதே, அம்மா உனக்குச் சீட்டுப் பிடிச்சு வச்சிருக்கா."

மூன்றாம் தடவை வேன் எடுத்தது. அம்மா காலிச் சீட்டின் மேல் கையை வைத்து, வண்டி குலுங்கும்போது விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டே போனாள்.